ரேகையில் இல்லாத கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் குடிநோயும் மரபணுவும் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். வடசென்னையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இப்படியொரு பொருளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். குடிப்பவரைத் திட்டித் தீர்ப்பதோடு நிறுத்திவிடாமல், அவர் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொன்ன கட்டுரை அது. ஆனால் பக்கத்தின் நடுவே கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘குடிநோய் 50 சதவீதம் மரபணுவால் வருகிறது, எனவே குடிப்பவரின் மகன் குடிநோயாளி ஆவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு’ என்பது அந்த வரி. இதன் முற்பகுதி அரைகுறை உண்மை. பிற்பகுதி முழுத் தவறு. அன்று காலை பெரம்பூரில் எங்கள் தெருமுனை டீக்கடையில் அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்திருந்த ஒருவர், “நான் என்னண்ணே பண்றது, எங்கப்பா எழுதி வச்சிட்டுப் போன சொத்து” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். அவர் படித்தது தங்கள் கட்டுரையை அல்ல, அந்தக் கட்டத்தை மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

50 சதவீதம் என்ற எண் கற்பனை அல்ல. உலகெங்கும் ஐம்பதாண்டுக் காலத்தில் வெளியான இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2015-ஆம் ஆண்டில் ஒரு பெரும் ஆய்வு வெளியானது. 2,748 ஆய்வுக் கட்டுரைகள், 17,804 பண்புகள், ஏறத்தாழ 1.45 கோடி இரட்டையர் ஜோடிகள் என்று அதன் பரப்பே மலைக்க வைக்கும். உடலளவுகள் முதல் மனநலம், பழக்கவழக்கங்கள் வரை எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தபோது, மரபின் பங்கு 49 சதவீதம் என்று வந்தது. குடிநோய்க்கும் ஏறத்தாழ இதே அளவைத்தான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சிக்கல் எண்ணில் இல்லை. அந்த எண் எதன் பங்கு என்பதில்தான் இருக்கிறது. ஒரு தனிமனிதரின் குணத்தைத் தராசில் வைத்துப் பாதியை மரபணுவுக்கும் பாதியை வளர்ப்புக்கும் பிரித்துக் கொடுத்த கணக்கு அல்ல அது. ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஆளுக்கு ஆள் காணப்படும் வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு அவர்களுடைய மரபணு வித்தியாசத்தால் வருகிறது என்று போட்ட கணக்கு அது. தனி ஆளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க மழையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நவம்பர் மாதத்து இரவொன்றில் நகரம் முழுவதும் ஒரே அளவு மழை கொட்டியதாக வைத்துக்கொள்வோம். விடிந்ததும் பார்த்தால், வேளச்சேரியில் ஒரு தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. பரங்கிமலைச் சரிவில் ஒரு தெருவில் சாலை காயத் தொடங்கிவிட்டது. இந்த இரண்டு தெருக்களுக்கும் இடையிலான வித்தியாசத்தில் மழையின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், பூஜ்யம் என்பதே சரியான விடை. முழுப் பங்கும் நிலத்தின் மட்டத்துக்கும் வடிகாலுக்கும் உரியது. அதற்காக, வேளச்சேரியில் நின்ற தண்ணீர் வானத்திலிருந்து வரவில்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். ஒரே மாதிரியான பள்ளத்தில், ஒரே மாதிரியான வடிகாலோடு இருக்கும் இரண்டு தெருக்களில் ஒன்றில் மட்டும் மழை கொட்டினால், அப்போது வித்தியாசம் முழுவதும் மழையுடையதாகிவிடும். எந்தத் தெருவை எந்தத் தெருவோடு ஒப்பிட்டோம் என்பது மாறினால் சதவீதமும் மாறிப்போகிறது. மழை பெய்யும் விதமும் தண்ணீர் ஓடும் விதமும் மாறுவதில்லை.

குடிக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் ராஜாஜி 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, அந்த மாவட்டத்தில் ஒருவருடைய மரபணுவும் மாறவில்லை. 2003-ஆம் ஆண்டு நவம்பரில் சில்லறை மது விற்பனை முழுவதையும் டாஸ்மாக் நிறுவனத்தின் மூலம் அரசே ஏற்றுக்கொண்டபோதும் மாறவில்லை. மதுவிலக்கு வென்றதா தோற்றதா என்ற பழைய வழக்குக்குள் நான் நுழையவில்லை. சாராயத்தைக் கண்ணாலும் காணாத ஊரில், குடிக்கு எளிதில் ஆட்படும் உடல் கொண்டவரும் அப்படி இல்லாதவரும் ஒன்றுபோலத்தான் வாழ்வார்கள். அங்கே அந்த மரபணு வித்தியாசம் இருந்தும் இல்லாதது போலக் கிடக்கும். தெருவுக்குத் தெரு கடை வந்த பிறகுதான் அது வெளியே தலைகாட்டும். அப்போது கணக்கெடுப்பவருக்கு மரபின் பங்கு பெரிதாகத் தெரியும்.

ஜப்பானில் இது அளந்தே காட்டப்பட்டிருக்கிறது. நாம் குடிக்கும் ஆல்கஹால் கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாகவும், பிறகு தீங்கில்லாத அசிட்டேட்டாகவும் மாறுகிறது. இரண்டாவது மாற்றத்தைச் செய்யும் நொதிக்கான மரபணு, கிழக்காசிய மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் செயல் குன்றிய வடிவில் இருக்கிறது. அவர்கள் ஒரு குவளை குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் வந்துவிடும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் அப்படி அமைந்தவர்களிடம் குடிநோய் மிக மிக அரிது. மனித நடத்தையை ஒரே ஒரு மரபணு இவ்வளவு தெளிவாக நெறிப்படுத்துவதற்கு இதைப் போன்ற சான்று வேறு அதிகம் இல்லை. ஆனால் ஒரு பிரதி மட்டும் அப்படி உள்ளவர்கள் ஜப்பானியக் குடிநோயாளிகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தபோது, 1979-இல் 2.5 சதவீதம், 1986-இல் 8 சதவீதம், 1992-இல் 13 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணு மாறிவிடாது. மாறியது அவர்களைச் சுற்றி இருந்த குடிச்சூழல். உடல் வேண்டாம் என்று சொல்லியும் குடித்தவர்களின் பங்குதான் ஏறியிருக்கிறது.

‘பாதிக்குப் பாதி வாய்ப்பு’ என்பதற்கும் நேரடியான மறுப்பு உண்டு. டென்மார்க்கில், பிறந்த சில வாரங்களிலேயே வேறு குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்களைப் பற்றி 1973-இல் ஓர் ஆய்வு வெளியானது. பெற்றவர் குடிநோயாளியாக இருந்த 55 பேரில் 10 பேர் குடிநோயாளிகளாக இருந்தார்கள். அப்படி இல்லாத 78 பேரில் 4 பேர். அதாவது 18 சதவீதமும் 5 சதவீதமும். பெற்றவரின் முகத்தையே பார்க்காமல் வளர்ந்தவர்களிடமும் இந்த வித்தியாசம் இருக்கிறது என்றால், பிறப்போடு ஏதோ வருகிறது என்பதை மறுக்க முடியாது. மூன்றரை மடங்குக்கு மேற்பட்ட ஆபத்து அற்பமானது அன்று. ஆனால் அந்த 55 பேரில் 45 பேர் குடிநோயாளி ஆகவில்லை என்பதையும் அதே தாளில்தான் படிக்கிறோம். டீக்கடை நண்பரின் மகனுக்கு இந்த 45-ஐப் பற்றி யாராவது சொல்ல வேண்டாமா?

இவ்வளவு நீட்டி எழுதுவதற்கு என் வீட்டிலேயே ஒரு காரணம் இருக்கிறது. என் பேத்தி ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் அவள் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தன்று மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு, கைரேகையை வைத்துக் குழந்தையின் ‘பிறவித் திறனை’ அறிந்து சொல்வதாக ஒரு நிறுவனத்தார் உட்கார்ந்திருந்தார்கள். கட்டணம் ரூ.3,500. கூட்டத்துக்குப் போன என் மகள், எல்லோரும் கொடுக்கிறார்களே என்று தானும் கொடுத்துவிட்டாள். பத்து விரல்களையும் ஒரு சிறு கருவியின் கண்ணாடியில் ஒவ்வொன்றாக அழுத்தி எடுத்தார்களாம். இரண்டு வாரம் கழித்து வழவழப்பான தாளில் 34 பக்க அறிக்கை வந்தது. உள்ளே வண்ண வட்டங்கள். ‘உடலியக்க அறிவு 16.4 சதவீதம், இசை அறிவு 14.1 சதவீதம், கணித அறிவு 8.7 சதவீதம்’ என்று தசமப் புள்ளி வரைக்கும் துல்லியம். அன்று மாலை வீட்டுப்பாட நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வழக்கமாக வரும் பெண் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டதற்கு, “எனக்குக் கணக்கு வராதாம் தாத்தா. என் ரேகையிலேயே இல்லையாம்” என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை. பின்னக் கணக்கிலிருந்து விடுதலை கிடைத்த நிம்மதிதான் இருந்தது.

அந்த அறிக்கையின் முதல் பக்கத்தில், விரல் ரேகையும் மூளையும் கருவில் ஒரே காலத்தில் உருவாவதாகவும், ஆகவே ரேகையைப் படித்தால் மூளையைப் படிக்கலாம் என்றும் எழுதியிருந்தது. ரேகை கருவின் ஏறத்தாழ 10-ஆம் வாரத்தில் தோன்றத் தொடங்கி 17-ஆம் வார அளவில் நிலைத்துவிடுகிறது என்பது சரிதான். ரேகை வரிகளின் மொத்த எண்ணிக்கையில் மரபின் பங்கு மிக அதிகம் என்பதும், டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகள் பலருக்கு உள்ளங்கையில் ஒற்றைக் கோடு இருப்பதும்கூட உண்மை. இந்த உண்மைகளின் தோளில் ஏறி நின்றுகொண்டுதான், கட்டைவிரல் சுழியில் கணிதமும் சுண்டுவிரல் வளையத்தில் சங்கீதமும் இருப்பதாக விற்கிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு டி.என்.ஏ. ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. ஆனால் அவர்களுடைய கைரேகைகள் ஒன்றல்ல. கருப்பையில் எந்தக் கை எந்தப் பக்கம் கிடந்தது, பனிக்குட நீரின் அழுத்தம் எப்படி இருந்தது என்பன போன்ற சின்னஞ்சிறு தற்செயல்கள் வரிகளை வேறு வேறாக வளைத்துவிடுகின்றன. மரபணுவையே முழுதாகக் காட்டாத ரேகை, மரபணுவைத் தாண்டி எத்தனையோ படிகள் தள்ளி இருக்கும் கணக்குப் பாடத்தை எப்படிக் காட்டும்?

நானும் இந்த வகைத் தவற்றைச் செய்தவன்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மரபியல் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்களை நாக்கை நீட்டிக் குழல்போலச் சுருட்டச் சொல்வேன். சுருட்ட முடிவது ஓங்கு பண்பு, முடியாதது ஒடுங்கு பண்பு என்று கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்குவேன். ஒரு வருடம் அந்த வகுப்பில் அச்சில் வார்த்தது போன்ற இரட்டைச் சகோதரர்கள் இருந்தார்கள். ஒருவனுக்கு நாக்கு அழகாகச் சுருண்டது. மற்றவன் கன்னம் வலிக்க முயன்றும் தட்டையாகவே நின்றது. வகுப்பே சிரித்தது. நான் சற்றும் தயங்காமல், “அப்போ நீங்க ரெண்டு பேரும் ஒரு கரு இரட்டையர் இல்லடா, தனித்தனிக் கரு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மறுநாள் அவர்களுடைய தாயார் பள்ளிக்கே வந்துவிட்டார். “சார், ஒரே பனிக்குடத்துல கெடந்த புள்ளைங்க, பிரசவம் பார்த்த டாக்டரம்மாவே சொன்னாங்க. நாக்க வச்சி எப்படி சார் பிரிச்சீங்க?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்: நாக்குச் சுருட்டலை மரபுப் பண்பு என்று 1940-இல் எழுதிய அமெரிக்க மரபியலாளர் ஸ்டர்ட்டெவன்ட்டின் கருத்தை 1952-லேயே மேட்லாக் என்பவர் சோதித்துப் பார்த்து, ஒரு கரு இரட்டையர் 33 ஜோடிகளில் 7 ஜோடிகளில் ஒருவருக்குச் சுருண்டு மற்றவருக்குச் சுருளவில்லை என்று காட்டியிருக்கிறார். ஸ்டர்ட்டெவன்ட்டும் அதைப் பிற்பாடு ஏற்றுக்கொண்டுவிட்டார். நான்தான் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பின்தங்கி, கரும்பலகையில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாக்கின் சுருளே இப்படியென்றால் கோபம், கூச்சம், குடி, படிப்பு ஆகியவற்றைப் பற்றி எவ்வளவு நிதானமாகப் பேச வேண்டும்!

இதனால் மரபணுவுக்கும் நடத்தைக்கும் தொடர்பே இல்லை, எல்லாம் வளர்ப்பில்தான் என்று சொல்ல வருவதாகத் தயவுசெய்து கொள்ள வேண்டாம். அந்தக் கட்சி செய்த கொடுமை இதைவிடக் குறைந்ததன்று. 1940-களின் இறுதி தொடங்கி, ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தாய்மாருக்கு மேலைநாட்டு மருத்துவ உலகம் ‘குளிர்பதனப் பெட்டித் தாய்மார்’ என்று பெயர் சூட்டி, பாசம் காட்டாமல் வளர்த்ததால்தான் குழந்தை இப்படி ஆனது என்று பழி சுமத்தியது. அந்தப் பழியை அசைத்தது உயிரியல்தான். ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற இருவர் பிரிட்டனில் 21 இரட்டையர் ஜோடிகளைப் பார்த்து 1977-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கரு இரட்டையர் 11 ஜோடிகளில் 4 ஜோடிகளுக்கு இருவரிடமும் ஆட்டிசம் இருந்தது. சாதாரண உடன்பிறப்புகள் அளவுக்கே மரபணு ஒத்திருக்கும் இரு கரு இரட்டையர் 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அதன் பிறகு தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிதாக இல்லை. இங்கே நம் வீடுகளில் இன்னும் நிறுத்திக்கொண்டிருக்கிறோம். “அவ எந்நேரமும் போனும் கையுமா இருந்தா, புள்ள எப்படிப் பேசும்?” என்று மருமகளைப் பார்த்துச் சொல்லும் குரலை நான் எங்கள் குடியிருப்பிலேயே கேட்டிருக்கிறேன். தங்கள் இணைப்பு அந்த வீட்டுக்கும் போகிறது.

மனச்சிதைவு நோயிலும் இதே இரட்டை முகம்தான். மக்கள் தொகையில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வருவது, ஒரு கரு இரட்டையரில் ஒருவருக்கு வந்திருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியளவுக்கு உயர்கிறது. பல ஆய்வுகளில் அதற்கும் குறைவு. பாதி என்பது பெரிய எண். ஆனால் அதே மரபணுத் தொகுப்பை வைத்துக்கொண்டு நோயே இல்லாமல் வாழ்பவர்களும் ஏறத்தாழப் பாதிப்பேர் இருக்கிறார்கள். பெண் பார்க்கப் போகும் இடத்தில் ‘அந்த வீட்டுல யாருக்கோ மனசு சரியில்லையாமே’ என்று காதோடு காது வைத்துப் பேசிச் சம்பந்தத்தை முறிப்பவர்கள் முதல் பாதியை மட்டும் எண்ணுகிறார்கள்.

ரேகை பற்றிச் சொன்னேன் அல்லவா? தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு நினைவும் உண்டு. சில சமூகங்களில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று கருதி ஆங்கிலேய அரசு 1871-இல் குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட பல சமூகத்து ஆண்கள் காவல் நிலையத்தில் கைரேகை பதிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்றவர்கள் மீது 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நாடு முழுவதும் அந்தச் சட்டம் நீங்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று மரபணு என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை; ரத்தம், குலம், பிறவி என்று சொன்னார்கள். பள்ளி மண்டபத்து மேசையையும் அந்தக் காவல் நிலைய மேசையையும் ஒன்றென்று சொல்லும் அளவுக்கு நான் அறிவிழந்துவிடவில்லை. ஆனால் பத்து வயதுக் குழந்தையின் விரலை அழுத்தி எடுத்து, நீ இன்னதுதான் என்று எழுதிக் கொடுக்கும்போது, இந்த மண்ணில் வாழ்பவர்களுக்குச் சற்று உடல் கூச வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறாகாது.

தங்களிடம் சில வேண்டுகோள்கள். மரபணு குறித்த ஆய்வுச் செய்திகளை வெளியிடும்போது, எந்த நாட்டில், எத்தனை பேரிடம், எவருக்கும் எவருக்கும் உள்ள வித்தியாசம் அளக்கப்பட்டது என்ற ஒரு வரியைச் செய்தியாளர் கட்டாயம் சேர்க்கச் செய்யுங்கள். ‘இன்ன குணத்துக்கான மரபணு கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பைக் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள். மன அழுத்தத்துக்குக் காரணமாகும் என்று பல ஆண்டுகள் பேசப்பட்ட 18 மரபணுக்களை, லட்சக்கணக்கானோரின் தரவுகளை வைத்து 2019-இல் சோதித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த வேறு மரபணுக்களை விட அவை எந்த வகையிலும் மேலானவை அல்ல என்று தெரியவந்தது. கண்டுபிடிப்புகளுக்குக் கிடைக்கும் தலைப்பு, இப்படிப்பட்ட திருத்தங்களுக்கு எந்த நாளிதழிலும் கிடைப்பதில்லை. பெரும்பாலான குணங்களில் ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் ஆளுக்குத் துளியளவு பங்கு வகிக்கின்றன என்பது இன்று கிட்டத்தட்ட எல்லோரும் ஏற்றுக்கொண்ட நிலை. தலைப்புக்கு அது அவ்வளவு கவர்ச்சியாக இராது என்பது எனக்கும் புரிகிறது.

கட்டத்துக்குள் வந்த அந்த வரிக்கு உரிய திருத்தத்தை, அதே இணைப்பில், அதே அளவுக் கட்டத்தில் வெளியிட வேண்டுகிறேன். கூடவே இன்னொன்று. குடிநோய்க் கட்டுரைக்கு இரண்டு பக்கம் தள்ளி, ஒரு பெரிய கட்டைவிரல் படத்தோடு, கைரேகை மூலம் குழந்தையின் எதிர்காலத் துறையைக் கண்டறிந்து தருவதாக ஒரு கால் பக்க விளம்பரம் வந்திருந்தது. விளம்பர வருவாய் இல்லாமல் நாளிதழ் நடத்த முடியாது என்பதை அறிவேன். இருந்தாலும் அடுத்த முறை அந்த விளம்பரம் வரும்போது ஆசிரியர் குழுவில் ஒருவராவது அதை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். என் பேத்தி இப்போது தங்கள் இணைப்பை விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிக்கிறாள். அன்றைக்கும் படித்துவிட்டு, “இதைப் பார்த்தீங்களா தாத்தா, பேப்பர்லயே போட்டிருக்காங்க” என்று என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
பெரம்பூர், சென்னை.